சிவப்பு நூல் பாட்டில்

மருமகள் கண்டுபிடித்த புழுவுக்குப் பெரிய கொக்கிகள் நான்கு இருந்தன. இரண்டு இருந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு வம்பும் வந்திருக்காது. அவளும் வழக்கம்போலக் கண்ணாடித் தகட்டில் சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்கிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

புழு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இது மண்ணில் நெளிகிற புழு இல்லை, வயிற்றில் கிடக்கிற புழுவும் இல்லை. ஆற்று மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு வாழும் தட்டைப் புழு. நீளம் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வெறுங்கண்ணுக்குத் தூசி. நுண்ணோக்கியில் வைத்தால்தான் தலைப்பக்கம் நான்கு கண்புள்ளிகளும், வால்பக்கம் ஒரு வட்டும், அந்த வட்டில் கொக்கிகளும் தெரியும். கொக்கிகளைச் செவுளில் மாட்டிக்கொண்டுதான் அது காலம் தள்ளுகிறது. பெரிய கொக்கி எத்தனை, எவ்வளவு வளைந்திருக்கிறது, கொக்கிகளுக்கு நடுவில் இருக்கும் சட்டம் நேரா கோணலா என்றெல்லாம் அளந்து பார்த்துத்தான் இது இன்ன புழு என்று பெயர் சொல்வார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தப் புழுக்களுக்கு அவரவர் மீன்தான். கெண்டையின் புழு கெண்டையில்தான் இருக்கும், கெளுத்தியின் புழு கெளுத்தியில்தான் இருக்கும். மாற்றி விட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர ஒட்டாது. ரோஷத்தில் மனுஷனுக்கு ஒரு படி மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் பதினோரு வருஷமாக இந்தப் புழுக்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். வேலை தற்காலிகம். வருஷா வருஷம் துறைத் தலைவர் ஒரு கடிதம் எழுதினால்தான் அடுத்த வருஷம் நாற்காலி. அந்தப் பதினோரு வருஷத்தில் அந்த ஆய்வகத்திலிருந்து ஏழு புதுப் புழுக்கள் உலகத்துக்கு வந்தன. ஏழையும் ஊசி முனையால் பொறுக்கி எடுத்தது அவள், அளந்தது அவள், படம் வரைந்தது அவள். கட்டுரையில் முதல் பெயர் தலைவருடையது, இரண்டாவது பெயர் தலைவருக்கு வேண்டியவருடையது. அவள் பெயர் கடைசியில் 'உதவியவர்களுக்கு நன்றி' என்ற இடத்தில் பொடி எழுத்தில் வரும். புழுவின் பெயரோடு அதை முதலில் விவரித்தவரின் பெயரும் ஒட்டிக்கொண்டு புத்தகங்களில் என்றென்றைக்கும் நிற்கும் என்பது இந்தத் தொழிலின் ஒரே சுகம். அந்தச் சுகம் அவளுக்கு ஒரு முறைகூட வாய்க்கவில்லை. ஒன்றே ஒன்று தன் பெயரில் வந்துவிட வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

செவுள் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருமகளின் மாமியார் சந்தையில் மீன் வெட்டி விற்பவள். முப்பது வருஷமாக ஒரே மேடை, ஒரே வெட்டுக்கட்டை. சந்தையில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா. வாய்க்குப் பயந்து பாதிப் பேர், கைத்திறனுக்காகப் பாதிப் பேர் என்று கூட்டம் அவளிடமே நிற்கும். இல்லை என்ற சொல்லே அவள் வாயில் வராது. கேட்ட மீன் இல்லையென்றால், "அதை ஏன் கேக்கற, இதை எடுத்துட்டுப் போ, நாளைக்கு வந்து என்னைய வாழ்த்துவ" என்று வேறொன்றை வெட்டத் தொடங்கியிருப்பாள். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பை அவர் கையில் இருக்கும்.

அவளிடம் மருமகள் ஐந்து பாட்டில்கள் கொடுத்திருந்தாள். ஐந்து வகை மீனுக்கு ஐந்து. சீட்டு ஒட்டினால் ஈரத்தில் ஊறி எழுத்து ஓடிவிடும் என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருந்தாள். கெண்டைக்குச் சிவப்பு. செவுளை எடுத்துவிடச் சொல்லும் வாடிக்கைக்காரர்களின் மீன் செவுள் குப்பைக்கூடைக்குப் போகாமல் பாட்டிலுக்குப் போகும். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி மூடி, நூறு தடவை குலுக்க வேண்டும். சூடு பட்டதும் புழு பிடியை விட்டு அடியில் வண்டலாக இறங்கிவிடும். மாமியார் குலுக்கும்போது பக்கத்து மேடைக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

"என்ன பெரியம்மா, மருமகளுக்கு டானிக்கா?"

"ஆமா. உனக்கும் ஒரு மூடி ஊத்தட்டுமா? குடிச்சிட்டு நேரா மேல போயிடலாம்."

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டில்கள் வீட்டுக்கு வரும். மருமகள் வண்டலை வடித்துச் சின்னக் குப்பிகளில், கெடாமலிருக்க மருந்தூற்றி எடுத்துக்கொள்வாள். வெந்து வெளுத்த செவுள்களைக் குப்பையில் கொட்டிவிடுவாள். செவுளைப் பார்த்தே மீனைச் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், பார்த்தால். அவளுக்கு வேண்டியது புழு. மீன் மாமியாரின் இலாகா.

அப்படி ஒரு திங்கட்கிழமை, சிவப்பு நூல் பாட்டிலின் வண்டலில் நான்கு கொக்கிப் புழு வந்தது. மருமகள் கண்ணை எடுத்துவிட்டு, துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தாள். நான்குதான். அதுவரை அவள் பார்த்த கெண்டைப் புழுக்களுக்கெல்லாம் பெரிய கொக்கி இரண்டுதான். அடுத்த வாரமும் நான்கு. அதற்கடுத்த வாரமும் நான்கு. ஒன்பது வாரம் தொடர்ந்து வந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்பது வாரமும் பழைய இரண்டு கொக்கிக்காரர்களில் ஒருவர்கூடத் தலைகாட்டவில்லை. அப்போதே சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். பட்டது. பட்டதைத் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

நான்கு கொக்கி கெளுத்தி வகையில் வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இந்தக் கொக்கியின் வளைவும் நடுச்சட்டத்தின் கோணலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆக, புழு புதுசு என்பதில் சந்தேகமில்லை. கெளுத்தியிலிருந்து வந்திருந்தால் இன்னொரு புதுப் புழு, ஒரு மூலையில் இரண்டு பக்கக் கட்டுரை, முடிந்தது கதை. கெண்டையிலிருந்து வந்தது என்றால்? ஒரு புழு தன் மீனை விட்டு இன்னொரு மீனுக்குக் குடிபோயிருக்கிறது என்று அர்த்தம். உலகமே திரும்பிப் பார்க்கும். ஆசை யாரை விட்டது? அவள் கெண்டையென்றே எழுதினாள்.

தலைவர் அப்போது ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் வேறொரு பெரிய திட்டத்தில் மூழ்கியிருந்தார். "இந்தப் புழுவை நீயே தனியா எழுதிக்கோ" என்று கையை அசைத்துவிட்டார். மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபது நாளில் எழுதி முடித்தாள். அதில் ஒரு வரி வழக்கமாக எல்லோரும் எழுதுவது: 'மீன்கள் முழுதாகப் பெறப்பட்டு, ஆசிரியரால் நேரில் அடையாளம் காணப்பட்டன.' கை தானாகவே எழுதிவிட்டது. நன்றி சொல்லும் இடத்தில் 'உள்ளூர்ச் சந்தையின் மீன் விற்பனையாளர் ஒருவர்' என்று எழுதினாள். அந்த ஒருவர் யார் என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், மீன் சந்தைப் பக்கமிருந்து வருகிறவர்களைப் பற்றிக் கூட வேலை செய்த ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்; எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்து வைத்தாள். ஒரு முறை சிரித்துவிட்ட பிறகு எந்த முகத்தோடு சொல்வது? "அங்க உள்ள யாரையும் விட மாட்டாங்க அத்தை, மருந்து வாடை வேற" என்று சொல்லி மாமியாரையும் ஆய்வகத்துப் பக்கமே வரவிடாமல் பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

கட்டுரையைப் படித்த தலைவர் வாயைப் பிளந்தார். அடுத்த மாதம் கல்லூரியில் ஒரு பெரிய கூட்டம். அதில் தானே மேடையேறி அறிவிப்பதாகச் சொன்னார். உன் நாற்காலியை நிரந்தரமாக்க இதைவிட நல்ல சமயம் வராது என்றும் சொன்னார்.

பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரையைச் சரிபார்த்த நிபுணர், முப்பது வருஷமாக இதே புழுக்களைப் பார்த்து வருபவர், அதிகம் பேசவில்லை. புழு புதியது, படம் அருமை என்று எழுதியிருந்தார். பிறகு இப்படி முடித்திருந்தார்: 'இந்த மாதிரி நான்கு கொக்கிகளை மீசையுள்ள மீன்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வது உண்மையானால் நான் எழுதிய பாதியைக் கிழித்துப்போட வேண்டியதுதான், சந்தோஷமாகக் கிழிப்பேன். புழுவோடு கூடிய முழு மீன் ஒன்றை ஒரு மாதத்துக்குள் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் மன்னிக்கவும்.'

மருமகள் கடிதத்தை மடித்துப் பைக்குள் திணித்தாள். அவளிடம் முழு மீன் ஏது? செவுள்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அத்தை, சிவப்பு நூல் பாட்டில்ல போடறது கெண்டைதானே?"

"பின்ன? திமிங்கலமா?"

"இல்ல, தப்பித்தவறி வேற ஏதாச்சும்..."

மாமியார் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "முப்பது வருஷமா மீன் வெட்டறேன். எனக்கு நீ மீன் சொல்லிக் குடுக்கறியா? ஒண்ணு செய். நாளைலேர்ந்து நீயே வந்து கட்டையில உக்காரு, நான் போய் உன் பூதக்கண்ணாடியில உக்காரறேன்."

லிஃப்ட் பழுது பார்க்கிற மகன், அதாவது மருமகளின் கணவன், அப்போதுதான் உள்ளே வந்தான். இரண்டு முகங்களையும் பார்த்தான். வந்த வழியே திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். புத்திசாலி.

அடுத்த மூன்று வாரமும் மருமகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். வேறு சந்தைகளுக்குப் போய் முழுக் கெண்டைகளாக நாற்பது வாங்கினாள். தன் கையாலேயே தலையைப் பிளந்து, செவுளைக் கத்தரித்து, வெந்நீரில் குலுக்கினாள். விரல் நுனியெல்லாம் முள் குத்திப் புண்ணானது. நாற்பது கெண்டையிலும் அதே பழைய இரண்டு கொக்கிப் புழுக்கள். நான்கு கொக்கி ஒன்றுகூட இல்லை. சிவப்பு நூல் பாட்டிலில் மட்டும் சனிக்கிழமை தவறாமல் நான்கு கொக்கி வந்துகொண்டே இருந்தது. மாமியார் அப்படிச் சொன்ன பிறகு அந்தச் செவுளை எடுத்துச் சோதிக்க மனசு வரவில்லை; பார்க்காமலே குப்பையில் கொட்டினாள். இதென்ன கண்கட்டு வித்தை என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள். கூட்டம் நெருங்கிவிட்டது. தலைவர் அழைப்பிதழில் புழுவின் படத்தையே போட்டுவிட்டார்.

குட்டு வெளிப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் இரண்டாவது முறை மீன் துண்டு போட்டுக்கொண்டு, தாயைக் குளிர்விக்கும் குரலில் சொன்னான்.

"அம்மா வெட்டற கெண்டையே தனி. பாரு, ஒரு முள்ளு கிடையாது."

மருமகளின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. முள் இல்லாத கெண்டையா? கெண்டையின் சதைக்குள் மயிர்போல முள் பரவிக் கிடக்கும். எந்தக் கொம்பன் வெட்டினாலும் போகாது. அதைத் தெரிந்துகொள்ள அவள் புத்தகம் எதையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை, விரல் நுனி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தட்டிலிருந்த துண்டை விரலால் பிட்டுப் பார்த்தாள். வழுவழுவென்று பிரிந்தது. ஒரு முள் இல்லை. நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"தண்ணி கொண்டாரேன்" என்று மாமியார் எழுந்தாள். நிறைந்த தண்ணீர்ச் செம்பு அவள் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மருமகள் பின்னாலேயே போனாள். சமையலறைக் கதவை ஒருக்களித்தாள்.

"அத்தை, இது என்ன மீன்?"

"நல்லாத்தானே இருந்துச்சு? நாலு மாசமா நக்கிச் சாப்பிட்டீங்க ரெண்டு பேரும்."

"என்ன மீன்னு கேட்டேன்."

மாமியார் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். குழாயை மூடினாள். "மீசைக்காரன்" என்றாள்.

மீசைக்காரன் என்பது சந்தையில் சொல்கிற பெயர். கெளுத்தி வகையில் ஒரு சின்ன மீன். வழுக்குத் தோல், நீட்டு மீசை, துடுப்பில் கொட்டுகிற முள். வலையில் மற்ற மீனோடு சேர்ந்து வந்துவிடும். காசு கொடுத்து வாங்க ஆள் கிடையாது. நான்கு மாதமாக ஆற்றில் கலங்கல். கெண்டை வரத்தே குறைந்துபோனது. வருகிற நாலைந்தையும் ஒரு விடுதியின் சமையல்காரர் வெட்டாமல், செவுளோடு, முழுசாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சிவப்பு நூல் பாட்டிலுக்கும் ஒன்றுமில்லை, வீட்டுக்கும் ஒன்றுமில்லை. மாமியார் மிஞ்சிக் கிடந்த மீசைக்காரனை எடுத்து, முள்ளை ஒடித்து, தோலை உரித்து, துண்டு போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கெண்டை என்று சொல்லிவிட்டாள். அதன் செவுளைச் சிவப்பு நூல் பாட்டிலில் போட்டு நூறு தடவை குலுக்கினாள். குலுக்கலில் ஒன்று குறைத்ததில்லை.

"ஊருக்கெல்லாம் நல்ல மீனா வெட்டிக் குடுத்துட்டு, பெத்த புள்ளைக்கு யாரும் வாங்காததைப் போடறேன்னு எப்படிச் சொல்லுவேன்? பாட்டில்ல இருக்கறது வேற மீனுன்னு சொன்னா, வீட்டுக்கு வந்ததும் அதுதான்னு வெளியில வந்துடும்ல?" என்றாள் மாமியார். "நீ செவுள்தானே கேட்ட? செவுள்னா செவுள். பாட்டில் காலியா வந்தா உன் மூஞ்சி தொங்கிடும். அதை வேற நான் பாக்கணுமா?"

"மூஞ்சி தொங்கினா தொங்கட்டும்னு விடறதுதானே!" என்றாள் மருமகள். "பதினோரு வருஷத்துல என் பேர்ல ஒண்ணே ஒண்ணு அத்தை. ஒரே ஒரு புழு. அதையும் குலுக்கி ஊத்திட்டீங்களே. அழைப்பிதழ்ல படமெல்லாம் போட்டாச்சு. நாலு பேருக்கு முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

மாமியாருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. தப்பு தன் பக்கம் இருக்கும்போது அவளுக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும்.

"நான் மாத்திப் போட்டேன், சரி. நீ ஒரு நாளாச்சும் மேடைக்கு வந்து இன்ன மீனுதான்னு எட்டிப் பாத்தியா? பாட்டில் வேணும், மீனு வேணாம். வந்தா உன் துணியில வாடை ஒட்டிக்கும். எனக்கென்ன தெரியாதா?"

 மீனைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவள் மருமகள்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே கணவன் ஒரு துண்டு மீனைத் தூக்கிப் பிடித்து, "மீசைக்காரனா இது? நல்லாத்தானே இருக்கு?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு ஆய்வகத்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாமியார். இடுப்பில் வேலைத் துணி, கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. விடிவதற்குள் கரைக்குப் போய், வலைக்காரரோடு சண்டை போட்டு வாங்கி வந்திருந்தாள். வாளிக்குள் ஆறு மீசைக்காரன்கள் உயிரோடு வாலை அடித்துக்கொண்டிருந்தன.

"வாசல்ல ஒருத்தன் யாருன்னு கேட்டான். மீனுன்னேன். உள்ள விட்டுட்டான்" என்றாள். மருமகள் முகத்தைப் பார்க்காமல் வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "எந்த மீனை வேணா எடுத்துக்கோ. நான் பிடிச்சுக்கறேன், கொட்டிடும்."

மருமகள் ஒன்றைக் காட்டினாள். மாமியார் அதன் துடுப்பு முள்ளை மடக்கிப் பிடித்தாள், மருமகள் கத்தரித்தாள். செவுளின் ஒரு வளைவைச் சின்னத் தட்டில் தண்ணீரில் போட்டு நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினாள்.  பிறகு ஊசியால் ஒன்றைப் பொறுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பெரிய நுண்ணோக்கிக்குக் கொண்டுபோனாள். நான்கு கொக்கிகள். அதே வளைவு. நடுவில் அதே கோணல் சட்டம். இரண்டாவது மீனிலும் அதே. மூன்றாவதிலும் அதே. உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கும் அதிசயமெல்லாம் இல்லை. மீசைக்காரனின் செவுளில், அது இருக்க வேண்டிய இடத்தில், ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் ஒரு புழு. இதுவரை யாரும் பெயர் வைக்காத புழு என்பது மட்டும் மாறவில்லை.

"இங்க வந்து பாருங்க அத்தை."

மாமியார் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தாள். உயிரோடிருந்த புழு அட்டைபோல நீண்டு சுருங்கி நீண்டது.

"அட, ஆடுது!" என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. "இத்தனை வருஷமா இதையா குலுக்கிட்டு இருந்தேன்? இதுக்கு நாலு கண்ணு வேறயா?"

அப்போதுதான் தலைவர் உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் படம் இன்னும் பெரிதாக வேண்டும் என்று கேட்க வந்தவர், தொட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். மாமியார் சட்டென்று நிமிர்ந்து வாளியின் மூடியை எடுத்தாள்.

"மீனு குடுக்க வந்தேன் சார். கெளம்பிட்டேன்."

மருமகள் கத்தரியைக் கீழே வைத்தாள். "சார், மீன் மாறிப்போச்சு. புழு கெண்டையில இல்ல, இந்த மீன்ல இருக்கு. நாலு மாசமா வேற மீனோட செவுள் வந்திருக்கு."

தலைவருக்கு முகம் விழுந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சிறிது நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு தேறிக்கொண்டார், அவர் சீக்கிரம் தேறுகிறவர்.

"இந்தம்மாதானா மாத்திக் குடுத்தது?"

"ஆமா சார், நான்தான்" என்றாள் மாமியார் முந்திக்கொண்டு. "அவங்க கெண்டைன்னு கேட்டாங்க. நான் கெண்டைன்னு சொல்லி இதைக் குடுத்துட்டேன். அந்தம்மா மேல ஒரு தப்பும் கிடையாது."

அந்தம்மா. அவங்க. ஒரே வீட்டில் ஒரே குழாய்த் தண்ணீரில் புழங்குகிறவள், யாரோ ஒருத்தியைச் சொல்வதுபோல எட்ட நின்று சொன்னாள். மருமகளுக்குக் காது மடல்கள் சூடேறின.

"அப்புறம் என்ன?" என்றார் தலைவர். "மீன்காரியோட தவறால மீன் மாறிடுச்சு, திருத்திக்கறோம்னு பத்திரிகைக்கு ஒரு வரி எழுது. நமக்கு ஒண்ணும் ஆகாது. கூட்டத்துல புதுப் புழுன்னு மட்டும் சொல்லிக்கலாம். மீன்காரி யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

மாமியார் வாளியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய்விட்டாள்.

"அத்தை, நில்லுங்க" என்றாள் மருமகள்.

தலைவர் நிமிர்ந்தார்.

"எங்க அத்தை சார். என் வீட்டுக்காரரோட அம்மா. பதினோரு வருஷமா இங்க வந்த செவுள் எல்லாம் இவங்க குடுத்ததுதான். இவங்க மாத்திப் போட்டது நிஜம். ஆனா மீனை நேர்ல பாத்தேன்னு எழுதினது நான். நான் பாக்கல சார். ஒரு மீனைக்கூடப் பாக்கல. அதைத்தான் பத்திரிகைக்கு எழுதப்போறேன்."

"அப்படி எழுதினா உன் மேல கேள்வி வரும். புரியுதா? நிரந்தர வேலையை மறந்துடு. அடுத்த வருஷக் கடிதத்தையே நான் எந்த முகத்தோட எழுதறது?"

"புரியுது சார்."

"புழு எங்கயும் ஓடிடாது. யோசிச்சு எழுது."

"யோசிச்சுட்டேன் சார்."

தலைவர் எழுந்து போனார். கதவு சாத்தியதுதான் தாமதம், மாமியார் பாய்ந்தாள்.

"உனக்கு ஏதாச்சும் இருக்கா? நான்தான் எல்லாத்தையும் தலையில போட்டுக்கிட்டேனே, வாயை மூடிட்டு நின்னா என்ன? பதினோரு வருஷம் சொல்லாதவ, இன்னிக்குத்தான் சொல்லணுமா? வேலை போனா என்ன செய்வ?"

"தெரியல அத்தை."

"தெரியலையாம். போ." மாமியார் வாளியைத் தொப்பென்று கீழே வைத்தாள். கண்ணைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். "மிச்சம் மூணு மீனு கிடக்கு. அதையாச்சும் பாரு. நான் பிடிக்கிறேன்."

மூன்றையும் பார்த்தார்கள். மூன்றிலும் இருந்தது. மருமகள் ஒரு மீனை மட்டும் முழுதாக, புழுவோடு, பெரிய பாட்டிலில் மருந்தில் அமிழ்த்தினாள். நிபுணருக்குக் காட்ட வேண்டியது. பிறகு அச்சடித்த சீட்டை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். மீன், ஆறு, தேதி. புழுவைக் கண்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அதற்கு அடுத்த வரி, மீனை அடையாளம் கண்டவர். எத்தனையோ சீட்டுகளில் அந்த வரியில் யோசிக்காமல் தன் பெயரையே எழுதியிருக்கிறாள். இப்போது பேனா நின்றது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். வீட்டில் அத்தை, சந்தையில் பெரியம்மா.

"உங்க முழுப் பேரு எப்படி அத்தை எழுதறது?"

மாமியார் ஈரக்கையை வேலைத் துணியில் துடைத்தாள். யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். ஒரு கணம் யோசித்துவிட்டு, தகப்பன் பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மருமகள் எழுதினாள்.

"எழுதினதைப் படி" என்றாள் மாமியார்.

மருமகள் சத்தமாகப் படித்தாள்.